வேலைநிறுத்தம் நடக்கும்போது விருது விழா: டோனி வழியா, எம்மி வழியா?

நெய்தல்:
2023 ஹாலிவுட் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில், அமெரிக்க நாடகங்களுக்கான டோனி விருதுக்காரர்கள் செய்ததே சரி. எழுத்தாளர் சங்கம் முதலில் விழாவுக்கு அனுமதி மறுத்தது. சங்கம் கேட்ட மாற்றங்களை விழாக்காரர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு, மறியல் செய்ய மாட்டோம் என்று சங்கம் அறிவித்தது. ஜூன் 11 அன்று நடிகை அரியானா டிபோஸ், எழுதிவைத்த வசனம் இல்லாமலே தொகுத்து வழங்கினார். விழாவும் நடந்தது, போராட்டமும் உடையவில்லை. தொலைக்காட்சித் தொடர்களுக்கான எம்மி விழா மட்டும் ஏன் செப்டம்பர் 18-இலிருந்து 2024 ஜனவரி 15-க்குப் போக வேண்டும்?

கரிசல்:
இரண்டும் ஒன்றில்லைங்க. டோனியில் பெரும்பகுதி பிராட்வே என்கிற நியூயார்க் நாடக அரங்குகளின் பாட்டும் ஆட்டமும். அவை ஏற்கெனவே மேடையில் ஓடிக்கொண்டிருப்பவை, வசனத்தை எடுத்தாலும் நிகழ்ச்சி நிற்கும். எம்மியில் தொடக்க உரை முதல் விருது அறிமுகம் வரை எல்லாமே எழுத்து. அதோடு ஜூலை 14 முதல் நடிகர் சங்கமும் வேலைநிறுத்தம். நடிப்பு மட்டுமல்ல, தொடருக்காகப் பேட்டி கொடுப்பது, விருதுக்குப் பிரசாரம் செய்வது எல்லாமே தடை.

நெய்தல்:
ஆனால் விருது விழாத் தொகுப்பாளர்கள் வேறொரு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார்கள். அதற்கு வேலைநிறுத்தம் இல்லை. செப்டம்பர் 12 அன்று எம்டிவி இசை வீடியோ விருது விழா நடந்ததே!

கரிசல்:
அங்கே வந்தவர்கள் பாடகர்கள். எம்மிக்கு வரும் நடிகர், பரிந்துரையான தொடரின் முகமாக வருகிறார். அதுவே விளம்பரம். திரைப்படம், தொலைக்காட்சி இரண்டுக்கும் தரும் கோல்டன் குளோப் விருதை 2008-இல் பாருங்கள்: அப்போதும் எழுத்தாளர் வேலைநிறுத்தம், மறியலைத் தாண்டி வர நடிகர்கள் மறுத்தார்கள், ஜனவரி 13 விழா வெறும் செய்தியாளர் சந்திப்பாகச் சுருங்கியது. முந்தைய ஆண்டு 2 கோடிப் பேர் பார்த்தது, சுமார் 60 லட்சத்துக்கு இறங்கியது.

நெய்தல்:
தள்ளிவைத்ததால் எம்மிக்கு என்ன கிடைத்தது? வாக்குப்பதிவு ஆகஸ்ட் 28-லேயே முடிந்துவிட்டது, முடிவு நான்கரை மாதம் உறையில் கிடந்தது. 'தி பியர்' தொடரின் முதல் சீசனுக்கு விருது தரும்போது இரண்டாம் சீசனே வந்து அரை வருஷம் தாண்டிவிட்டது. அன்றே அமெரிக்கக் கால்பந்து நாக்அவுட் ஆட்டம், அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அயோவா மாநிலக் கூட்டங்கள் வேறு. பார்த்தவர்கள் 43 லட்சம், எம்மி வரலாற்றில் அதுவரை இல்லாத சரிவு.

கரிசல்:
அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். தள்ளிவைத்தது தவறில்லை. எழுத்தாளர்கள் செப்டம்பர் 27-இல் திரும்பினார்கள், நடிகர்களின் போராட்டமோ நவம்பர் 9 வரை நீண்டது. அக்டோபரில் நடத்தியிருந்தால் எழுதித் தர ஆள் இருந்திருக்கும், அரங்கில் நடிகர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்.

நெய்தல்:
அப்படியென்றால் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு போன்ற தொழில்நுட்ப எம்மியையாவது அக்டோபரில் கொடுத்திருக்கலாமே? அதையும் ஏன் ஜனவரி 6, 7 வரை இழுத்தார்கள்?

கரிசல்:
அந்த விழாவிலும் விருந்தினர் நடிகர் பிரிவுகள் உண்டு. அவற்றை மட்டும் ஜனவரிக்கு நிறுத்திவைத்திருந்தால், நீங்கள் சொல்வது நடந்திருக்கும்.