குடிநோய் சிகிச்சை முடிந்து வந்தவருக்கு முதல் 90 நாள் இலக்கு: தாளில் என்ன எழுதலாம்?

மேலூர்_தம்பி:
கொத்தனார் வேலை பார்க்கும் அண்ணனுக்காகக் கேட்கிறேன். வயது 38. உள்நோயாளியாக 30 நாள் சிகிச்சை முடிந்து போன வாரம் வீட்டுக்கு வந்தார். குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை 50 மி.கி. தினம் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது இலக்குகளை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் ஆலோசகர். அண்ணன் எழுதியவை நாலு: வாழ்நாளில் இனி தொடமாட்டேன், 3 மாதத்தில் 1,40,000 ரூபாய் கடனை அடைப்பேன், 10 கிலோ எடை ஏற்றுவேன், எல்லாரிடமும் நல்ல பெயர் எடுப்பேன். வேலை 5.30-க்கு முடியும். சனிக்கிழமை கையில் 5,400 ரூபாய் சம்பளம். கோயிலில் கயிறு கட்டினால் போதும் என்கிறார் அண்ணி. இந்தத் தாளை எப்படித் திருத்துவது?

ஆலோசகர்_திருச்சி:
தம்பி, அண்ணன் எழுதிய நாலும் நல்ல ஆசைகள், ஆனால் இலக்கு ஆகவில்லை. ராத்திரி படுக்கப்போகும்போது "செய்தாயிற்று" என்று டிக் போட முடியாத எதையும் முதல் 90 நாள் தாளில் வைக்காதீர்கள். வாழ்நாள் சபதத்தை இன்று ராத்திரி சரிபார்க்க முடியாது. நல்ல பெயரோ அடுத்தவர் கையில் இருக்கிறது. வீட்டார் நம்ப மாதக்கணக்கில் ஆகும், அந்த ஏமாற்றமே பலரைக் கடைக்குத் திருப்பி அனுப்புகிறது.

நீங்கள் சொன்னதில் முக்கியமானது 5.30 மணி. பசி, உடம்புவலி, வழியில் கடை, கூட வரும் கூட்டாளி எல்லாம் அப்போது ஒன்றுசேர்கின்றன. 5.30 முதல் 9 வரை கால் எந்தத் தெருவில் போகும், வயிற்றில் என்ன இருக்கும், பக்கத்தில் யார் இருப்பார் என்பதைத்தான் எழுத வேண்டும். உதாரணமாக: "5.15-க்கு சைட்டிலேயே இரண்டு வாழைப்பழமும் சுண்டலும் சாப்பிடுவேன். கடை இல்லாத பாதையில் தம்பியோடு பைக்கில் வருவேன். 6.15-க்குக் குளித்துவிடுவேன். செவ்வாய், வியாழன், ஞாயிறு ஏ.ஏ. (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) கூட்டம், மற்ற நாளில் 7 மணிக்குக் குழு நண்பர் ஒருவருக்கு போன்." அதிகம் போனால் ஐந்து வரி. முதல் சில மாதம் ஞாபகமும் கவனமும் மந்தமாகத்தான் இருக்கும், பத்து வரி எழுதினால் பத்தும் நிற்காது.

கூடவே "வந்தால்–செய்வேன்" என்று மூன்று வாக்கியம். "மேஸ்திரி ஒரு கட்டிங் போடலாம் என்று கூப்பிட்டால், மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன்." வாய் தயாராக இல்லாத இடத்தில்தான் கால் வழுக்கும். அந்த வாக்கியத்தை வீட்டில் சத்தமாக நாலு தடவை சொல்லிப் பார்க்கட்டும். வேட்கை வந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடும். ஆகவே "தாங்குவேன்" என்று எழுதாமல், "30 நிமிடம் தள்ளிப்போடுவேன், அதற்குள் தண்ணீர் குடித்து ஒருவரிடம் பேசுவேன்" என்று எழுதுங்கள்.

எடை வேண்டாம். அதற்குப் பதில், மருத்துவர் சம்மதித்தால் ஜி.ஜி.டி. (குடியால் ரத்தத்தில் உயரும் ஒரு கல்லீரல் நொதி) உள்ளிட்ட கல்லீரல் பரிசோதனையை இப்போதும் 6 வாரம் கழித்தும் எடுங்கள். குடி நின்றால் ஜி.ஜி.டி. சில வாரங்களில் இறங்கத் தொடங்கும். உடம்பு தேறுவதை எண்ணாகப் பார்ப்பதில் ஒரு தெம்பு உண்டு. இறங்காவிட்டால் உடனே சந்தேகப்பட்டுச் சண்டை போடாதீர்கள். கொழுப்புக் கல்லீரலும் அதை உயர்த்தி வைக்கும்.

மருந்துக்கடை_அக்கா:
நால்ட்ரெக்ஸோன் சாப்பிடுகிறவர் உடம்புவலிக்கு டிரமடால் மாதிரி ஓபியாய்டு (அபின் வகை) வலிமாத்திரை எடுக்கக் கூடாது. எடுத்தாலும் வலி கேட்காது. அதை மீற அளவைக் கூட்டினால் ஆபத்து. கொத்தனாருக்கு இடுப்புவலி வராமல் இருக்காது, எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையை முதலில் சொல்ல வேண்டும். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடலாம்.

அண்ணியிடமும் ஒன்று சொல்லுங்கள். "அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தும்" பொடி என்று விளம்பரம் வரும். குழம்பில் எதையும் கலக்கவே வேண்டாம். அதில் டைசல்ஃபிரம் (மதுவோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒவ்வாத மருந்து) இருந்து, அவர் அறியாமல் குடித்தால், முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த விளைவு வரலாம்.

வரவுசெலவு:
கடனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 வாரத்தில் 1,40,000 என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 10,770, சம்பளமே 5,400. முடியாத இலக்கு முறியும்போது "எப்படியும் தோற்றாயிற்று" என்ற எண்ணம் வரும், அது நேராக பாட்டிலில் போய் நிற்கும். வாரம் 1,000 என்றால் அசலுக்கே 140 வாரம், வட்டி தனி. நீளம்தான், ஆனால் கட்ட முடியும்.

முதல் மாதம் பட்டியல் மட்டும்: யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன, நகை அடகு இருந்தால் கெடு எப்போது. ஏலத்துக்குப் போகவிருக்கும் நகைக்கும் அதிக வட்டிக் கடனுக்கும் முன்னுரிமை. மற்றவர்களிடம் அண்ணனே போய்த் தவணை கேட்கட்டும், நீங்கள் கூட நில்லுங்கள். சனிக்கிழமைச் சம்பளத்தை முடிந்தால் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். யுபிஐ உள்ள போனை அன்று மாலை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். மாதம் 100 ரூபாயிலிருந்து அஞ்சலகத்தில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடலாம், 3 வருடத்துக்கு முன் மூடிப் பணம் எடுக்க முடியாது என்பது இங்கே நன்மைதான். ஒரேயடியாகக் காசைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். தினம் 100 ரூபாய் அவர் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னப்பிள்ளை போல நடத்துகிறார்கள் என்ற கோபம் வரும்.

மேலூர்_தம்பி:
நன்றி. கயிறு கட்டலாமா? இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால் 90 நாள் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டுமா?

ஆலோசகர்_திருச்சி:
நம்பிக்கை இருந்தால் கட்டட்டும், தடுக்காதீர்கள். சிக்கல் கயிறு அவிழ்க்கும் தேதியில் இருக்கிறது. ஒரு மண்டலம் மாலை போட்டுச் சுத்தமாக இருந்துவிட்டு, கழற்றிய அன்றே கடைக்குப் போகிறவர்களை எல்லாருக்கும் தெரியும். அந்தத் தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்து, அன்று மாலைக்கும் மறுநாளுக்கும் ஏ.ஏ. கூட்டமோ மருத்துவர் சந்திப்போ போட்டு வையுங்கள். 91-வது நாளுக்கும் இதே விதி.

சறுக்கினால் கணக்கை அழிக்காதீர்கள். "90-ல் 89" என்று எழுதுங்கள். ஒரு கட்டிங்கைவிட, அதற்குப் பின் வரும் குற்ற உணர்ச்சிதான் பெரிய கேடு. அதற்கும் ஒரு வரி இப்போதே தாளில் இருக்கட்டும்: "குடித்துவிட்டால் அன்று ராத்திரியே தம்பியிடம் சொல்வேன், மறுநாள் ஆலோசகரைப் பார்ப்பேன்." சொன்னதற்குத் திட்டு விழுந்தால் அடுத்த முறை சொல்லமாட்டார், அதனால் வீட்டாரும் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள், குடித்தது எந்த நேரம், எங்கே, யாரோடு, பையில் எவ்வளவு பணம் என்று நாலு கேள்விக்குப் பதில் எழுதி, 5.30 தாளில் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள்.

பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டார் என்றால் வீட்டிலேயே பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தக் கூடாது. கடைசிக் குடிக்குப் பின் முதல் 2 நாளில் வலிப்பும், 2 முதல் 4 நாளுக்குள் குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் வரலாம். நேராக அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வலிப்பு வந்தால் 108. ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். இரண்டு எண்ணையும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி, அவர் சட்டைப்பையில் ஒன்றும் வீட்டுக் கதவில் ஒன்றும் வையுங்கள்.