ஊர்திச் சந்தாவா, சந்தா ஊர்தியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காரை விலைக்கு வாங்காமல், மாதாமாதம் ஒரு தொகை கட்டிக் குறிப்பிட்ட காலம் வைத்து ஓட்டும் முறையான கார் சப்ஸ்கிரிப்ஷனுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில், முதலில் முன்வைக்கப்பட்ட 'மாத வாடகை மகிழுந்து' என்னும் தொடரை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. வாடகைக் கார் என்றதும் ஓட்டுநரோடு வரும் வண்டிதான் பலர் நினைவுக்கு வரும். மேலும், மாருதி சுசுகி 2020இல் இந்தியாவில் தொடங்கிய திட்டத்தில் வெள்ளை எண்பலகையைத் தேர்ந்தால் வண்டி வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவாகிறது. கறுப்புப் பலகையில்தான் அது வண்டியைத் தரும் கூட்டாளி நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. தன் பெயரில் பதிவான வண்டியை ஒருவர் வாடகைக்கு எடுத்திருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

'குத்தகை'யும் பொருந்தாது. குத்தகையில் காப்பீடும் பழுதுபார்ப்பும் பெரும்பாலும் எடுத்தவர் தலையில் விழும். இங்கே அவை மாதத் தொகைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. 'பயனுரிமை' அழகான சொல்தான், ஆனால் அந்த உரிமை குத்தகைக்காரருக்கும் உண்டே.

எனவே 'சந்தா' என்பதையே பரிந்துரைக்கிறேன். அது இந்துஸ்தானி வழியாக வந்த சொல் என்ற மறுப்பை அறிவேன். குத்தகைதாரர், பங்குதாரர் என்று எழுதுகையில் அந்தத் 'தார்' எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. பொருள் பற்றிய மறுப்பே எனக்கு வலுவாகப் படுகிறது: வருங்கால வைப்பு நிதியின் சந்தாதாரர் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுகிறார், வார இதழின் சந்தாதாரருக்குப் பழைய தாளாவது மிஞ்சுகிறது, காரின் சந்தாதாரரோ சாவியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடக்கிறார். ஆனால் இணையவழிப் படங்களுக்குச் சந்தா கட்டிப் பழகியவர்களுக்கு இந்தப் பொருள் புதிதன்று.

சொல்லின் வரிசையும் முக்கியம். 2017இல் நியூயார்க்கில் காடிலாக் என்னும் அமெரிக்கக் கார் நிறுவனம் தொடங்கிய சந்தாத் திட்டத்தில் மாதம் 1,500 டாலர் செலுத்தியவர் ஆண்டுக்கு 18 முறை வரை வண்டியை மாற்றிக்கொள்ள முடிந்தது. (அடுத்த ஆண்டு இறுதியிலேயே அது நிறுத்தப்பட்டது வேறு கதை.) அங்கே சந்தா சேவைக்குரியது, ஏதோ ஒரு வண்டிக்குரியதன்று. ஆகவே முறையைக் குறிக்க 'ஊர்திச் சந்தா' என்றும், அப்போது கையிலிருக்கும் வண்டியைக் குறிக்க மட்டும் 'சந்தா ஊர்தி' என்றும் வைத்துக்கொள்ளலாம். இருசக்கர வண்டிக்கும் இம்முறை வந்துவிட்டதால் 'மகிழுந்து' வேண்டாம்.

காலம் முடியுமுன் வெளியேறுவதற்கு முன்மொழியப்பட்ட 'சந்தா முறிவு' சண்டையை நினைவூட்டுகிறது. 'சந்தா விலகல்' போதும் என்பது என் கருத்து.