பெரிய கோயில் நிழல் தரையில விழாதா? ப்ரேயர்ல பொண்ணு மாட்டிக்கிட்டா, மிச்சத்தையாவது செக் பண்ணிக் குடுங்க

நொய்யல்கரை:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ஏழாங்கிளாஸ், அவங்க ஸ்கூல்ல தினமும் ப்ரேயர்ல ஒரு குறள், ரெண்டு செய்தி, ஒரு பொது அறிவுத் துளி படிக்கணும், இந்த வாரம் அவ முறை. நானும் கெத்தா எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்புல வந்ததுல அஞ்சு எடுத்து எழுதிக் குடுத்துட்டேன். முதல் நாளே தஞ்சை பெரிய கோயில் கோபுர நிழல் தரையில விழாதுன்னு படிச்சிருக்கா, அவங்க சோசியல் மிஸ் சொந்த ஊரே தஞ்சாவூராம், "நாங்க அந்த நிழல்லதான்டி விளையாடுவோம்"னு சொல்லி மொத்த கிளாஸும் சிரிச்சிருக்கு. வீட்டுக்கு வந்ததுல இருந்து என்கூட பேசல. மிச்சம் நாலு இருக்கு, அரசமரம் ராத்திரியும் ஆக்ஸிஜன் விடும், கூவுறது பெண்குயில், நம்ம தேசிய விளையாட்டு ஹாக்கி, 1964 புயல்ல பாம்பன் பாலத்து மேல போன ரயில் பாலத்தோட கடல்ல விழுந்துச்சு. இதுல எது உருப்படி?

வல்லம்_ரோடு:
அண்ணே முதல்ல அது கோபுரம் இல்ல, விமானம். கருவறைக்கு மேல இருக்கறது விமானம், வாசல்ல இருக்கறதுதான் கோபுரம், தஞ்சாவூர்ல விமானம் பெருசு கோபுரம் சின்னது, அதனாலயே எல்லாரும் குழம்பிக்கறாங்க.

நிழல் விஷயம் எங்க ஊர்க்காரங்களுக்கு சலிச்சுப்போன ஒண்ணு, டூரிஸ்ட் வந்து நிழல் மேல நின்னுக்கிட்டே நிழல் விழாதாமேன்னு கேப்பாங்க. 216 அடி உயரம், காலைலயும் சாயந்தரமும் நீளமா விழும். உச்சி வெயில்ல மட்டும் வருசத்துல சில மாசம் விழாத மாதிரி தெரியும், ஏன்னா அடி அகலமா இருந்து மேல போகப் போக குறுகிக்கிட்டே போகுது, சூரியன் தலைக்கு மேல இருக்கப்ப நிழல் அது மேலயே விழுந்துடும். மார்கழில போய்ப் பாருங்க, சூரியன் தெக்க சாஞ்சிருக்குமா, மத்தியானம் 12 மணிக்கே உச்சியோட நிழல் வடக்குப் பக்கம் சண்டிகேஸ்வரர் சன்னதி இருக்கற பக்கமா தரையில கிடக்கும். ஏப்ரல் மூணாவது வாரத்துல ஒரு நாள், ஆகஸ்ட் கடைசி வாரத்துல ஒரு நாள் அங்க சூரியன் நேர் உச்சிக்கு வரும், அன்னைக்கு கோயில் மட்டும் இல்ல, நட்டு வச்ச குச்சிக்கும் மத்தியானம் நிழல் இருக்காது.

இதவிட நல்ல தகவல் அந்தக் கோயில் சுவத்துலயே இருக்கு. ராஜராஜன் தன்னோட 25வது ஆட்சி ஆண்டு 275வது நாள்ல விமானத்து உச்சிக்கு வைக்க கலசம் குடுத்தான்னு கல்வெட்டு இருக்கு, அத வச்சுத்தான் 1010ன்னு சொல்றோம். ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி நடந்த ஒண்ணுக்கு நாள் கணக்கு சுத்தமா இருக்கு, அத எவனும் ஃபார்வேர்டு பண்ண மாட்டான்.

தாவரவியல்_டீச்சர்:
அரசமரம் வேண்டாம் சார், நானே வருசா வருசம் கிளாஸ்ல இதோட சண்டை போடறேன். ஆக்ஸிஜன் வரணும்னா வெளிச்சம் வேணும், தண்ணிய உடைச்சுத்தான் அது வருது, அந்த வேலை வெளிச்சத்துலதான் நடக்கும். ராத்திரி அரசமரமும் நம்மள மாதிரி ஆக்ஸிஜன எடுத்துக்கிட்டு கார்பன் டை ஆக்சைடுதான் விடும். இந்தக் கதை கற்றாழை, கள்ளி, அன்னாசி மாதிரி செடிகள வச்சுக் குழப்பிக்கறதாலயும் வரும். அதுங்க தண்ணி வீணாகாம இருக்க பகல்ல இலைத்துளைய மூடி வச்சுக்கிட்டு, ராத்திரி திறந்து கார்பன் டை ஆக்சைட உள்ள வாங்கி அமிலமா சேத்து வச்சுக்கும், மறுநாள் வெயில் வந்ததும் அத எடுத்து சமைக்கும். ராத்திரி வாங்கறது கார்பன் டை ஆக்சைடு, விடறது ஆக்ஸிஜன் இல்ல. பாப்பாவுக்கு இது பிடிக்கும், முடிஞ்சா இத எழுதிக் குடுங்க.

அதே மாதிரி புளியமரத்தடில ராத்திரி படுத்தா பேய் அமுக்கும்னு சொல்லுவாங்க, அதுக்கு "அறிவியல் விளக்கம்"னு மரம் விடற கார்பன் டை ஆக்சைடுதான் மூச்ச அடைக்குதுன்னு ஒண்ணு சுத்தும். அதுவும் தப்பு, திறந்த வெளில அதெல்லாம் ஒரு அளவே இல்ல.

காக்காகூடு:
குயில் நம்ம ஏரியா! கூ கூன்னு ஏறிக்கிட்டே போற அந்தக் குரல் ஆண்குயில். கருகருன்னு செவப்புக் கண்ணோட இருக்குமே அதான். பொண்ணு பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, கிக் கிக்னு வேகமா கத்தும், நிறைய பேர் அத வேற ஏதோ பறவைன்னு நினைச்சுக்கறாங்க. காக்கா கூட்டுல முட்டை போடறது உண்மை. ஆண் போய் கூட்டுப்பக்கம் சத்தம் போட்டு காக்காவ வம்புக்கு இழுக்கும், காக்கா துரத்திக்கிட்டுப் போற நேரத்துல பொண்ணு வந்து முட்டை போட்டுட்டு ஓடிடும். குயில் முட்டை காக்கா முட்டைக்கு முன்னாடியே பொரிஞ்சுடும், அதனால குஞ்சு சாப்பாட்டுக்கு முதல் ஆளா வாயத் திறக்கும். காக்கா புத்திசாலின்னு சொல்றோம், வருசா வருசம் இதுல ஏமாறுது பாவம்.

மண்டபம்_பக்கம்:
பாம்பன் மேட்டர்ல ரெண்டு தனித்தனி சம்பவத்த ஒண்ணாக்கிட்டாங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி ரயில் பாலத்துல இல்ல, பாலம் தீவுக்கு மேற்க இருக்கு, ரயில் தீவோட இன்னொரு முனைல தனுஷ்கோடிய நெருங்கிக்கிட்டு இருந்தப்ப அலை அடிச்சு இழுத்துட்டுப் போயிடுச்சு, அதுல இருந்தவங்க யாரும் பிழைக்கல. பாலத்துல நிறைய கர்டர் கடல்ல விழுந்துச்சு, ஆனா கப்பல் போக நடுவுல ரெண்டு பக்கமும் தூக்குற பகுதி நின்னுச்சு. விழுந்த கர்டர்கள கடல்ல இருந்தே தேடி எடுத்து ஸ்ரீதரன் தலைமைல 46 நாள்ல ரயில் ஓட வச்சாங்க, ஆமா பின்னாடி டெல்லி மெட்ரோ கட்டினவரேதான். 1914ல திறந்த பாலம், 2022 டிசம்பர்ல ரயில நிறுத்துற வரைக்கும் அந்தத் தூக்குப் பகுதிய ஆளுங்க கையால சுத்தித்தான் திறந்தாங்க. இப்ப 2025 ஏப்ரல் 6ல திறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் துண்டு அப்படியே லிப்ட் மாதிரி 17 மீட்டர் மேல போகுது. செய்தியும் ஆச்சு வரலாறும் ஆச்சு, ரெண்டு நாளைக்கு ஓட்டலாம்.

வல்லம்_ரோடு:
ஹாக்கிய யாரும் தொடல. நமக்கு அரசு அறிவிச்ச தேசிய விளையாட்டே கிடையாது ப்ரோ, 2012ல ஒரு ஸ்கூல் பொண்ணு தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டப்ப விளையாட்டு அமைச்சகமே எதையும் அறிவிக்கலன்னு பதில் குடுத்துச்சு. ஒலிம்பிக்ல ஹாக்கில 8 தங்கம், முதல்ல 1928, கடைசியா 1980ன்னு படிக்கச் சொல்லுங்க, அதுல எந்த மிஸ்ஸும் கை வைக்க முடியாது.

நொய்யல்கரை:
அஞ்சுக்கு அஞ்சும் போச்சா! எல்லாருக்கும் நன்றி, டீச்சர்க்கு ஸ்பெஷலா. நாளைக்கு குயில், நாளன்னைக்கு கள்ளிச்செடி, அப்பறம் பாம்பன்னு அவளே பிளான் போட்டுட்டா, பேச ஆரம்பிச்சுட்டா. குயில சத்தமா படிச்சுப் பழகறப்ப எங்கம்மா கேட்டுக்கிட்டே இருந்துட்டு "அப்ப இத்தனை வருசமா விடிகாலைல தூங்க விடாம கத்துனது ஆம்பளையாடி?"ன்னு கேக்கறாங்க. ஆமா, அந்த விமானத்து உச்சில இருக்கறது 80 டன் ஒரே கல்லுன்னு இன்னொண்ணும் அதே குரூப்புல வந்துச்சு, அதுவும் புளுகா?

வல்லம்_ரோடு:
ஒரே கல் இல்லண்ணே, பல துண்டு சேத்தது. முதல்ல அந்த குரூப்ப மியூட் பண்ணுங்க.