அப்பாவின் சிவப்பு ட்ரக்டரா, எங்கள் சரிவுக்கு ஏற்றதா?

கந்தப்பளை மரக்கறித் தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். கந்தப்பளைப் பக்கம் சொந்தமாக ஒன்றரை ஏக்கர், குத்தகைக்கு இரண்டு ஏக்கர் செய்கிறோம். லீக்ஸ், கரட், இடையில் ஒரு போகம் உருளைக்கிழங்கு. இருபது வருடமாக எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது அப்பா பழையதாக வாங்கிய மாசி பெர்குசன் 135 ட்ரக்டர். இனி என்ஜினைப் பிரித்துக் கட்டினாலும் பிரயோசனமில்லை. அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் முடியாது. ஆகவே இனி ஓட்டப்போவது நான்.

வீட்டில் இரண்டு மாதமாக இதே பேச்சு. "மாசியைத் தவிர வேறு எதுவும் இந்த வாசலுக்கு வரக்கூடாது" என்கிறார் அப்பா. தம்பிக்கு குபோட்டாதான் வேண்டும். ஏனென்று கேட்டால் இருவரும் பெயரைத்தான் சொல்கிறார்கள், எங்கள் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை வருவதில்லை. லீசிங் கட்டப்போகிறவள் நான் என்பதால் எனக்குப் பயமாக இருக்கிறது.

உழவு எங்களுக்குக் குறைவு. மேல் தட்டுகள் ஒடுக்கமானவை, அங்கே மண்வெட்டிதான். கீழே இரண்டு பெரிய தட்டுகளில் மட்டும் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் போடலாம். மற்றபடி எல்லாம் ஏற்றி இறக்கும் வேலை. கோழி எரு மேலே போக வேண்டும், மரக்கறி மூட்டை லொறி நிற்கும் ரோட்டுக்கு இறங்க வேண்டும். தூரம் 700 மீட்டர்தான், ஆனால் நல்ல சரிவு, நடுவில் இரண்டு கொண்டை ஊசி வளைவு. மழைக்காலத்தில் மண் சவர்க்காரம் போல வழுக்கும். 45 குதிரைவலு எடுங்கள் என்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

ராகலை பாட்டக்காரன்:

தங்கச்சி, அப்பா சொல்வதைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். மாசி என்றால் இங்கே எந்த கராஜிலும் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வார்கள், சாமானும் கிடைக்கும். அறுவடை நேரத்தில் வண்டி நான்கு நாள் படுத்தால் மரக்கறி விலை நமக்காகக் காத்திருக்காது. பெயரே தெரியாத ஒன்றை மலிவென்று வாங்கி, ஒரு ஹைட்ரோலிக் சீலுக்காக மூன்று வாரம் அலைந்தவன் நான்.

வெலிமடை கராஜ்:

ராகலை அண்ணன் சொன்னதில் பாதி சரி. அவர் சொல்வது சாமான் கிடைப்பதைப் பற்றி, பெயரைப் பற்றி அல்ல. 26 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், எல்லா நிற ட்ரக்டரும் என் கையில் பிரிந்திருக்கிறது. பெயருக்குப் பின்னால் இருக்கும் கம்பனியும் மாறிக்கொண்டே இருக்கிறது, தங்கச்சி. இந்தியாவில் ஐஷர் ட்ரக்டரை 2005இல் டாஃபே என்ற கம்பனி வாங்கியது, சுவராஜ் 2007இல் மகிந்திராவிடம் போனது. அப்பா நம்புவது அவருடைய 135ஐ. அதிலிருந்த பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் என்ஜினை நானும் கும்பிடுவேன். ஆனால் இன்று கடையில் அதே பெயரோடு நிற்பது வேறு மெஷின். அதைப் புதிதாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் உயரம். நுவரெலியா நகரமே 1868 மீட்டர், நீங்கள் இருப்பதும் அந்த மட்டத்தில்தான். மேலே போகப் போக காற்று மெலிதாகும். டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பாகம், இல்லாத என்ஜின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் வலுவை இழக்கும். அப்படிப் பார்த்தால் புத்தகத்தில் 45 என்று இருப்பது உங்கள் வாசலில் 37 அளவுதான். டர்போ உள்ளதில் இழப்பு குறைவு. அதோடு, விளம்பரத்தில் போடுவது என்ஜின் வலு. ட்ரக்டரின் பின்னால் ரொட்டவேட்டரைச் சுற்றும் தண்டுக்குப் பிடிஓ என்று பெயர், அங்கே வரும் வலு அதைவிடக் குறைவு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அதற்காகப் பெரியதை எடுக்கவும் சொல்லமாட்டேன். உங்கள் வேலையில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைக் கொல்லும். எண்ணெயில் மூழ்கிய பிரேக்கா என்று பாருங்கள். அதற்குள் சேறும் தண்ணீரும் போகாது, ஈர ரோட்டிலும் ஒரே மாதிரி பிடிக்கும். நான்கு சில்லும் இழுக்கிற வண்டியென்றால், அதைப் போட்டு இறங்கும்போது முன் சில்லும் சேர்ந்து தடுக்கும். இடது வலது பிரேக் பெடல் இரண்டையும் பூட்டும் கொக்கி இருக்கும். ரோட்டில் அது பூட்டியே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிவிடும். ஏறின கியரிலேயே இறங்குங்கள், இறக்கத்தில் கிளச்சை மிதிக்கவே கூடாது. ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் இல்லாத வண்டியை உங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

பண்டாரவளை ஓய்வுநிலை ஆசிரியர்:

மகள், பெயரை நம்பி ஏமாந்த கதை ஒன்று சொல்கிறேன். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு கம்பனி, ஃபோர்ட் என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு "ஃபோர்ட் ட்ரக்டர்" என்று விற்றது. கார் செய்த ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதை வாங்கிக் கெட்டவர்களில் ஒருவர் நெப்ராஸ்காவில் விவசாயியாகவும் சட்டசபை உறுப்பினராகவும் இருந்த வில்மொட் க்ரோசியர். அவர் முயற்சியால் 1919இல் அங்கே சட்டம் வந்தது. சோதனையில் தேறாத ட்ரக்டர் மாடலை அந்த மாநிலத்தில் விற்க முடியாது என்றது அந்தச் சட்டம். நெப்ராஸ்கா சோதனை என்று இன்றும் உலகம் முழுக்கப் பேசுகிறார்கள்.

நமக்கு வருவதில் நிறைய இந்தியத் தயாரிப்பு. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் அரசாங்கச் சோதனை நிலையம் இருக்கிறது. பிடிஓ வலு, டீசல் செலவு, தூக்கும் எடை, பிரேக் எல்லாம் அளந்து மாடல் வாரியாக அறிக்கை எழுதுகிறார்கள். விற்பவரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள்.

தலவாக்கலை சாரதி:

செலவு குறைய லேண்ட்மாஸ்டர், அதாவது இரண்டு சில்லு கை ட்ரக்டர், எடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். தட்டு உழ அது நல்லது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பாரத்தோடு இறங்கும்போது அதன் திருப்பம் தலைகீழாகும். சமதரையில் இடது பிடியை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பின்னாலிருந்து பாரம் தள்ள, அழுத்திய பக்கச் சில்லு இழுவை விட்டு வேகமாக உருளும், வண்டி வலப்பக்கம் போகும். இரண்டு வளைவுள்ள பாதை என்றதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. கவனம், தங்கச்சி.

கந்தப்பளை மரக்கறித் தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கடைகளிடம், "என் பாதையில் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்து வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். முதலில் முகம் சுளித்தார்கள், அப்புறம் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தின நாள் மழை பெய்திருந்தது நல்லதாகப் போயிற்று. இரண்டுக்கும் ஒரே ட்ரெய்லர், ஒரே அளவு கோழி எரு.

45 குதிரைவலு வண்டி மேலே நன்றாகவே போனது. ஆனால் இரண்டாவது வளைவில் இரண்டு தடவை பின்னெடுத்துத்தான் திருப்ப முடிந்தது, அதுவும் பள்ளத்தின் ஓரத்தில். மரக்கறி ஏற்றி இறங்கும்போது ட்ரெய்லர் தள்ளுவது இடுப்பில் தெரிந்தது. மற்றது சிறியது, நான்கு சில்லும் இழுப்பது, டர்போ உள்ளது. மெதுவாக ஏறியது, வளைவில் ஒரே திருப்பம், இறக்கத்தில் பிரேக்கில் கால் வைக்கத் தேவையே குறைவாக இருந்தது. அதன் புத்னி அறிக்கையையும் வாங்கிவிட்டேன். பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினால் மறுபடி பெயரைப் பற்றிய பேச்சாகிவிடும். அது அப்பா சொன்னதும் இல்லை, தம்பி சொன்னதும் இல்லை.

அப்பா இரண்டு தடவையும் தடியை ஊன்றிக்கொண்டு ட்ரெய்லருக்குப் பின்னால் நடந்தே இறங்கினார். கீழே வந்ததும் பெடல் கொக்கியைப் பூட்டித் திறந்து பார்த்தார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: "இதுக்குக் கிளச் பிளேட் எங்க கிடைக்கும்?"

ராகலை அண்ணன் கேட்டதும் அதுதானே. கடைக்காரர் எல்லாம் இருக்கிறது என்கிறார், நான் கண்ணால் பார்க்க வேண்டும். வெலிமடை அண்ணே, புதன்கிழமை கராஜில் இருப்பீர்களா? மாடல் நம்பரோடு வருகிறேன்.

வெலிமடை கராஜ்:

இருப்பேன், பத்து மணிக்குப் பிறகு வாருங்கள். கிளச் பிளேட், ஹைட்ரோலிக் சீல், ஃபில்டர், முன் அச்சு பெயரிங், இந்த நான்கும் எங்கே, என்ன விலை என்று அதற்குள் விசாரித்து வைக்கிறேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.