அலையில் படகு ஆடினால் எஞ்சின் நிற்கிறது, துவாமோட்டு போகுமுன் உதவி தேவை

நங்கூரன்:
பசிபிக்கில், பிரெஞ்சு பாலினேசியாவின் நுகு ஹிவா தீவில், தையோஹே விரிகுடாவில் நிற்கிறோம். 38 அடி பாய்மரப் படகு, நானும் மனைவியும் மட்டும். அடுத்தது தென்மேற்கே துவாமோட்டு பவளத்தீவுக் கூட்டம், ஏறக்குறைய 500 கடல் மைல். காற்று இருக்கிறது, அதுவரை பாயிலேயே போய்விடலாம், ஆனால் பவளத்தீவுக்குள் நுழையும் வாயில், அதாவது பவளத்திட்டில் உள்ள இடைவெளியில், எஞ்சின் கைவிட்டால் என்ன செய்வது?

நங்கூரத்தில் நிற்கும்போது எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. வெளியே போய் அலையில் படகு உருள ஆரம்பித்து, 2000 ஆர்பிஎம்முக்கு மேல் கொடுத்தால் அரை மணிக்குள் சுதி இறங்கி, திக்கித் திணறி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காதது மாதிரி ஓடும். ராக்கார் பில்டர் (டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தண்ணீரையும் அழுக்கையும் பிரிப்பது), எஞ்சின் மேலுள்ள சின்ன பில்டர் இரண்டையும் மாற்றி, டீசல் குழாயில் புகுந்த காற்றையும் வெளியேற்றியாயிற்று. கழற்றிய பில்டர் அப்படியொன்றும் அழுக்காக இல்லை, அதுதான் குழப்பம். சூடும் ஏறவில்லை. இன்ஜெக்ஷன் பம்ப் போயிருக்கும் என்று பக்கத்துப் படகுக்காரர் பயமுறுத்துகிறார்.

உப்புக்காற்று:
டேங்கில் டீசல் எவ்வளவு? கால் டேங்க்தான் என்றால் உருளும்போது குழாய் வாய் வெளியே தெரிந்து காற்றை இழுக்கும்.

நங்கூரன்:
முக்கால் டேங்க் இருக்கிறது. ராக்கார் கிண்ணத்தில் தண்ணீர் இல்லை, கொஞ்சம் கறுப்புத் துகள் மட்டும்.

டீசல்மணி:
பம்ப் மேல் கை வைப்பது கடைசி வேலை தம்பி. பில்டர் சுத்தமாக இருந்தும் டீசல் போதாமல் நிற்கிறது என்றால் அடைப்பு பில்டருக்கு முன்னால். முதலில் டேங்கின் காற்றுக்குழாய்: எஞ்சின் நின்ற உடனே டீசல் ஊற்றும் மூடியைத் திறந்து காது கொடுங்கள், உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் குற்றவாளி அதுதான். போகாவிட்டால் என் சந்தேகம் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாய் மேல். சில படகுகளில் அதன் நுனியில் கம்பிவலை வைத்திருப்பார்கள். அலையில் அடியிலுள்ள சேறு கலங்கி, உறிஞ்சும் வேகத்தில் வலையில் போய் அப்பிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் இழுப்பு இல்லை, உதிர்ந்து விழும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாவதற்கு அதுதான் காரணம்.

உறுதி செய்ய ஒரு கேனில் நல்ல டீசல் எடுத்து, அசையாமல் கட்டி, குழாயை அதில் விட்டு அதே அலைக்குப் போய் ஓட்டுங்கள். எஞ்சின் எரிக்காத டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயையும் கேனுக்கே திருப்புங்கள், இல்லையென்றால் அது டேங்குக்குப் போய் கேன் சீக்கிரம் காலியாகிவிடும். ராக்காருக்குப் பின்னால் ஒரு சாண் கண்ணாடி ஓஸ் போட்டால் காற்றுக் குமிழி வருகிறதா என்பதும் தெரியும்.

உப்புக்காற்று:
எதற்கும் பூஞ்சை மருந்து ஒரு மூடி ஊற்றிவிடலாமே?

டீசல்மணி:
இப்போது வேண்டவே வேண்டாம். டேங்க் அடியில் தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில்தான் அந்தப் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். மருந்து ஊற்றினால் சாகும், சரி, செத்த சக்கை எங்கே போகும்? மொத்தமாகப் பில்டருக்குத்தான், அதுவும் நடுக்கடலில். டேங்கைக் கழுவிய பிறகு ஊற்றுங்கள்.

பவளமல்லி:
எஞ்சின் சரியானாலும் முதல் நுழைவை, துவாமோட்டில் உள்ள ஃபாகரவா தீவின் வடக்கு வாயான கருவேயில் வைத்துக்கொள்ளுங்கள், பிரெஞ்சு பாலினேசியாவிலேயே அகலமான வாய் அது. தெற்கு வாய் டைவிங்குக்குப் பேர் போனது, ஆனால் குறுகல். தெற்கிலிருந்து பெரிய அலை அடிக்கும் நாட்களில் பவளத்திட்டின் மேலேறித் தண்ணீர் உள்ளே நிரம்பிவிடும், அது வெளியேற வாயை விட்டால் வழி குறைவு, அதனால் ஓத அட்டவணை சொல்லும் நேரத்தைத் தாண்டியும் வெளியோட்டம் நிற்காது. அந்த ஓட்டத்தைக் காற்று எதிர்த்தால் வாயில் அலை செங்குத்தாக எழும்பும். விடியலில் போய்ச் சேர்ந்தாலும் வெளியே காத்திருந்து, சூரியன் உயர்ந்து முதுகுப்பக்கம் இருக்கும்போது நுழையுங்கள். அப்போதுதான் உள்ளே பவளம் கண்ணுக்குத் தெரியும்.

நங்கூரன்:
மூடியில் உஸ் இல்லை. கேனில் போட்டு அதே அலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினோம், நிற்கவேயில்லை, குமிழியும் வரவில்லை. குழாயை உருவிப் பார்த்தால் நுனியில் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு பித்தளை வலை, அதைச் சுற்றி புளிச்சக்கை மாதிரி கறுப்பாக, வழவழவென்று. நகத்தால்தான் சுரண்ட முடிந்தது. மணி அண்ணே, வலையைக் கழுவி மறுபடி போடவா?

டீசல்மணி:
போடாதீர்கள். ராக்காரில் அடைத்தால் கையெட்டும் இடத்தில் மாற்றிவிடலாம், டேங்குக்குள் அடைத்தால் அலையில் யார் திறப்பது? ஆனால் இனி அழுக்கெல்லாம் ராக்காருக்கு வரும், பில்டர் நிறைய வாங்கி வையுங்கள். கைப்பம்பால் டேங்க் அடியிலிருந்து எடுத்துப் பாட்டிலில் தெளியவிட்டு, சுத்தமாக வரும்வரை விடாதீர்கள். குழாயைத் திரும்பப் பொருத்தும்போது வாஷர் புதிது போடுங்கள், அங்கே காற்று இழுத்தால் வேறு தலைவலி. அப்புறம், அந்த கேனைக் கழற்றாதீர்கள். ஒரு வால்வைத் திருப்பினால் டேங்கிலிருந்து கேனுக்கு மாறும்படி வைத்துக்கொண்டால் வாயில் நுழையும்போது தைரியமாக இருக்கும்.

நங்கூரன்:
வால்வு ஒன்றுதான் இருக்கிறது, ரிட்டர்னுக்கும் ஒன்று வேண்டுமே?

டீசல்மணி:
ஆமாம், இரண்டு வேண்டும். கிடைக்காவிட்டால் ரிட்டர்னை நுழைவுக்கு முன்பே கையால் மாற்றிவிடுங்கள், இரண்டு கிளிப் வேலைதான்.