செம்பா, செப்பா, களிம்பா?

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். காசிமேட்டுக் குடும்பங்களுக்காக வில்சன் நோய் பற்றி ஒரு துண்டறிக்கை. கல்லீரல் செம்பைப் பித்தத்தில் கழித்துவிட முடியாமல், அது கல்லீரலிலும் மூளையிலும் கண்ணிலும் படியும் நோய். 'செம்பு நோய்' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த ஒரு அம்மா, "சொம்புல தண்ணி குடிச்சதாலயா சார்?" என்றார். வேறு சொல் தாருங்கள்.
- ராயபுரம்

இலக்கணமே இடிக்கிறது ஐயா. இரும்பு + பாதை இருப்புப்பாதை ஆவதுபோல மென்தொடர் (ம்பு) இங்கே வன்தொடராகும் (ப்பு). 'செப்புத்தேக்க நோய்' என்பதே சரி. தாமிரம் வடமொழி, வேண்டாம்.
- பெரம்பூர்

'செப்பு' என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெலுங்கு 'சொல்லு'. என்னத்தைச் சொல்ல?
- கொருக்குப்பேட்டை

'களிம்பு நோய்' எனலாமே! செம்பில் பச்சைக் களிம்புபோல உயிரில் ஆணவம் என்கிறது சைவ சித்தாந்தம். இடையில் வந்து ஒட்டியதல்ல, உடன் இருப்பது. பிறவி நோய்க்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? நம் செம்புதான் இலத்தீனில் கூப்ரம் ஆயிற்று என்பதையும்...
- திருவொற்றியூர்

கூப்ரம் சைப்ரஸ் தீவின் பேரில் வந்தது ஐயா. களிம்பு என்றால் இன்று சிரங்குக்குத் தடவுவது. வாங்கித் தடவிக்கொள்வார்கள்.
- கொருக்குப்பேட்டை

எனக்குச் செம்பைவிட 'பரம்பரை'தான் தலைவலி. "எங்க பரம்பரையிலயே யாருக்கும் இல்லயே" என்று எழுந்து போய்விடுகிறார்கள். தாய், தந்தை இருவரிடமும் ஒடுங்கிக் கிடக்கும் மரபணு பிள்ளையிடம் ஒன்றுசேர்கிறது. கூடப்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டிய வீடுகளில் கேட்டே ஆகவேண்டும். இந்த நோயால் பையனுக்குக் கையெழுத்து கோணி, பேச்சு குழறினால் சோம்பேறி என்கிறோம். காமாலை என்றால் கீழாநெல்லி. கருவிழி ஓரத்தில் செம்பு படிந்த பழுப்பு வளையத்தை, கண் மருத்துவரின் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்க்கலாம். வளையம் இல்லாததால் நோய் இல்லை என்றாகாது. இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் குறைந்து, 24 மணிநேரச் சிறுநீரில் செம்பு 100 மைக்ரோகிராமைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். செம்பைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்தான பெனிசிலமைன் 1956 முதலே இருக்கிறது. ஆயுசுக்கும் சாப்பிடவேண்டும், அவ்வளவுதான்.
- வண்ணாரப்பேட்டை மருத்துவர்

செருலோ என்பது நீலம். 'நீலப்புரதம்' எனலாமே?
- பெரம்பூர்

லேப் சீட்டில் அப்படி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
- வண்ணாரப்பேட்டை மருத்துவர்

நேரமில்லை. தலைப்பு 'வில்சன் நோய்'. கீழே 'உடலில் செம்பு சேரும் நோய்'. 'பரம்பரை'யை எடுத்துவிட்டு, 'கூடப்பிறந்தவர்களுக்கும் சோதனை செய்யுங்கள்' என்று பெரிய எழுத்தில் போடுகிறேன். சொம்பு காரணமல்ல, ஆனால் நோய் உள்ளவர் செம்புப் பாத்திரத் தண்ணீரைத் தவிர்க்கவேண்டும் என்றும் ஒரு வரி.
- ராயபுரம்

'செம்பு சேரும்' எழுவாய்த் தொடர், திரியாது. அதனால் விடுகிறேன். கடைசி வரியில் செப்புப் பாத்திரம் என்று திருத்துக.
- பெரம்பூர்

என் வாக்கு களிம்புக்கே. பதிவு செய்துகொள்ளுங்கள்.
- திருவொற்றியூர்