புதுப்பிப்பு: எஸ்.இ.ஓ. கட்டணத்தை எப்படிப் போடுகிறார்கள்?

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஆத்தங்குடி டைல்ஸ் தளம் கூகுள் தேடலில் மேலே வர (இந்த வேலைதான் எஸ்.இ.ஓ.), ஆலோசகர்கள் கேட்கும் தொகை ஏன் ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது புரிந்துவிட்டது.

மணிக்கணக்கு, மாதக் கட்டணம், மொத்த வேலைக்கு ஒரே தொகை என்றுதான் பெரும்பாலும் விலை போடுகிறார்கள். தொகையை ஏற்றுவது போட்டி: "ஆத்தங்குடி டைல்ஸ்" என்று தேடுபவர் கண்ணில் படுவது ஓரளவு சுலபம், வெறும் "ஃப்ளோர் டைல்ஸ்" என்றால் நாடு முழுக்க உள்ள பெரிய கம்பெனிகளோடு மோத வேண்டும், அதற்குக் கட்டுரைகள், தளத்தின் வேகம், பிற தளங்களிலிருந்து இணைப்புகள் என்று மாதக்கணக்கில் ஆள் நேரம் போகும்.

முதலிடம் உறுதி என்றவரை விட்டுவிட்டேன். அந்த உறுதியை யாராலும் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. பலன் தெரிய 4 மாதம் முதல் 1 வருஷம் ஆகலாம் என்றும்.

சரி, எங்கள் முடிவு: முதலில் தளத்தைச் சோதித்துக் குறைகளைச் சொல்ல ஒரு தொகை, திருத்தத் தனித்தொகை. மாதக் கட்டணம் அப்புறம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவது இலவசம், அதை நாங்களே செய்துவிட்டோம். சொல்லும் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.